வாகரை பற்றி நான் எழுதியது

1

செவ்வாய்க்கிழமைகளில் நான் படிவம் நிரப்புகிறவன். கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் முதியோர் சங்கம் கூடுகிற மண்டபத்தின் மூலையில் எனக்கென்று ஒரு மேசை போட்டுத் தந்திருக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து இதுதான் என் சேவை. ஓய்வூதியம், மருந்து அட்டை, பஸ் சலுகை, ஊரிலிருந்து வரப்போகிற தங்கைக்கு விசாக் கடிதம் என்று ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் இருப்பார்கள். அவர்கள் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் எழுதுவேன். அண்ணை எழுதினால் திரும்பி வராது என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் எனக்குப் பெருமையும் இருந்தது.

வெளிநாட்டில் இருந்து ஊருக்கு எழுதும்போது நாங்கள் வழக்கமாகக் குளிரைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் எழுதுவோம். அவற்றையெல்லாம் நீங்கள் போதுமான அளவு வாசித்திருப்பீர்கள். 2006 ஆம் ஆண்டின் கடைசியில் இலங்கையின் கிழக்கில் சண்டை நடந்தபோது இங்கே இருந்துகொண்டு நான் செய்த ஒரு காரியத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு, அவர்களுடைய பெயர்களை மாற்றி எழுதுகிறேன்.

சென்ற நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மனோன்மணி அம்மா என் மேசைக்கு வந்தார். பச்சை நிறக் குளிர்ச்சட்டை, கையில் ஒரு பிளாஸ்ரிக் உறை. மகள் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டவர். இங்கே வந்து பத்து வருடம் தாண்டி, வயதும் அறுபத்தைந்து ஆகிவிட்டதால் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்திருந்தார். விதவை என்று எழுதியிருக்கிறீர்கள், கணவர் இறந்ததற்கு அத்தாட்சி அனுப்புங்கள் என்று கடிதம் வந்திருந்தது.

"மரணச் சான்றிதழ் இருக்கோ அம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல அண்ணன். ஆளை வழியில மண்ணுக்குள்ள தாட்டுட்டு வந்த நாங்க. ஆரு சான்றிதழ் தாற?"

அப்படியானால் சத்தியக்கடதாசி ஒன்று எழுதலாம், எப்போது, எங்கே, எப்படி இறந்தார் என்பதை நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், பிறகு அதிகாரம் உள்ள ஒருவர் முன்னால் கையெழுத்து வைக்கலாம் என்று விளக்கினேன். எந்த ஊர் என்று கேட்டேன்.

"ஈச்சிலம்பற்று."

"தெரியும், தெரியும். வெருகலுக்கு மேலை."

அவருடைய முகம் மலர்ந்தது. "போயிருக்கீங்களா?"

"இல்லை" என்றேன். "மப்பில பாத்திருக்கிறன்." வரைபடத்தைத்தான் சொன்னேன்.

2

அவர் மெதுவாகச் சொன்னார். ஆங்கிலத்தில் எழுதுகிறவனுக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர் போல ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு நிறுத்தினார்.

"செல்லடி துவங்கினதும் வெருகல் ஆத்தைக் கடந்து வாகரைப் பக்கம், கதிரவெளிக்கு வந்திட்டம். மறுகா ஒரு பனங்கூடலுக்குள்ள கூரையாத் தறப்பாள் கட்டிக்கிட்டு இருந்த."

எழுதியதை அவருக்குத் தமிழில் திருப்பிச் சொன்னேன். ஆற்றைக் கடந்து கதிரவெளிக்கு வந்தோம், மறுகரையில் ஒரு பனங்கூடலுக்குள் இருந்தோம் என்றேன். மனோன்மணி அம்மா சிரித்துவிட்டார்.

"மறுகரை இல்ல அண்ணன். மறுகா. மறுகா எண்டா பிறகு."

யாழ்ப்பாணத்தில் நாங்கள் அந்தச் சொல்லைப் பேசுவதில்லை. வெட்டிவிட்டுத் திருத்தினேன். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

கணவரின் பெயர் தங்கராசா. மாடும் வயலும் வைத்திருந்தவர். கார்த்திகை, மார்கழி மழையில் தறப்பாளுக்குக் கீழே தண்ணீர் ஓடியதாம். அரிசி முடிந்தது. கடலுக்கு யாரும் போக முடியவில்லை. தங்கராசாவின் காலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது, மருந்தில்லை.

"ஒரு நாள் பத்துப் பதினைஞ்சு குடும்பம் காட்டால வெளிய போகப் போறம் எண்டு வெளிக்கிட்டாங்க. இயக்கப் பொடியங்கள் விடமாட்டாங்க, மறிப்பாங்க. அண்டைக்குச் சரியான மழை, மறிக்கிறதுக்கு ஆக்களில்ல. எங்கட ஆளும் சைக்கிள்ள மூட்டையைக் கட்டிட்டார். மகளுக்கு அப்ப பதினாலு வயசு. அவளைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கன். அந்த நேரந்தான் கடைக்காரப் பொடியன் ஓடி வந்து, கனடாவில இருந்து போன் வந்திரிக்கி எண்டான். என்ட தம்பி. அவன் இங்க வந்து கனகாலம். இவர்தான் கடைக்குப் போய்ப் பேசினவர்."

"என்ன சொன்னவர்?"

"அத்தான், வெளிக்கிடாதீங்க எண்டானாம். இங்க பேப்பரில மப் கீறி எழுதிற ஒராள் இரிக்கார், ரேடியோவிலயும் பேசுறவர், எல்லாம் தெரிஞ்ச ஆள். அவர் எழுதியிரிக்கார், வாகரைக்குள்ள ஆமி வர ஏலாதாம். சனம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டாம். பேப்பரை வெச்சு வாசிச்சே காட்டினானாம்."

என் பேனை நின்றுவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. நான் எழுதி முடிப்பதற்காகக் காத்திருக்கிறார் போலத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிறகு?" என்றேன்.

"இவர் வந்து மூட்டையை அவிட்டார். தம்பி படிச்சவன், அவன் சொன்னாச் சரியாத்தான் இரிக்கும் எண்டார். போன சனம் போயிட்டு. ஆறு நாள் கழிச்சு, காலமக்குள்ள தேத்தண்ணிக்குத் தண்ணி வெச்சிட்டு நிக்கக்குள்ள செல் வந்த. முதலாவது கடலுக்குள்ள விழுந்த. மகள் பனையடியில நிண்டவள். இவர் அவளைக் கூப்பிடப் போனவர். ரெண்டாவது செல்."

அங்கேயே மணலைத் தோண்டிப் புதைத்தார்கள். கிடங்கு வெட்டும்போதே தண்ணீர் ஊறியது. அடுத்த நாள் தாயும் மகளும் வேறு சனத்தோடு இடுப்பளவு வெள்ளத்தில் காட்டு வழியாக நடந்து வெளியே வந்தார்கள்.

"தம்பில பிழை இல்ல, அண்ணன்" என்றார் அவர். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. "அவன் படிச்சதைத்தானே சொன்னவன். ஆனா அவனுக்கு அது மனசை விட்டுப் போகல்ல. நான் இங்க வந்து இத்தனை வருசம், திவசத்துக்கு ஒருக்காலும் என்ட வீட்ட வந்ததில்ல. பிறம்ரனில இருக்கான். லொறி ஓட்டம் எண்டுவான், லீவில்ல எண்டுவான். அவர்ட படம் மாட்டியிரிக்கிற வீட்டுக்குள்ள அவனுக்குக் காலை வைக்க ஏலாது."

3

பேப்பரில் மப் கீறி எழுதுகிற அந்த ஆள் நான்தான்.

யாழ்ப்பாணத்தில் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக வேலை பார்த்தேன். எண்பதுகளின் கடைசியில் ரொறன்ரோவுக்கு வந்து பார்க்டேலில் ஓர் அறையில் ஐந்து பேராகப் படுத்தெழும்பி, உணவகங்களில் கோப்பை கழுவி, கடைசியில் பிறம்ரனில் ஒரு களஞ்சியசாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். பெட்டிகளுக்கு ஸ்ரிக்கர் ஒட்டுகிற வேலை. என்னைவிட இருபது வயது குறைந்த மேற்பார்வையாளன் விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவான். எனக்குக் கோடு பிடிக்கத் தெரியும், அளவுத்திட்டம் தெரியும் என்பதெல்லாம் அங்கே யாருக்கு வேண்டும்?

தமிழ்க் கடைகளில் இலவசமாகக் கிடைக்கிற ஒரு வாரப் பத்திரிகைக்கு ஒருமுறை ஒரு வரைபடம் கீறிக் கொடுத்தேன். அது நன்றாக இருக்கிறது, பக்கத்தில் நாலு வரி விளக்கமும் எழுதுங்கள் என்றார் ஆசிரியர். நாலு வரி ஒரு பக்கமானது. புனைபெயர் ஒன்று வைத்துக்கொண்டேன். பிறகு சனிக்கிழமை வானொலியில் கூப்பிட்டார்கள். ஒரு வருடத்துக்குள் நான் போர் ஆய்வாளன் ஆகிவிட்டேன். துப்பாக்கியைக் கையால் தொட்டிராதவன். கிழக்கில் திருகோணமலைக்குத் தெற்கே ஒரு நாளும் கால் வைத்திராதவன்.

கலியாண வீடுகளில் ஆட்கள் எழுந்து வந்து கையைப் பிடிப்பார்கள். "அண்ணை, அடுத்தது எங்கை?" என்று கேட்பார்கள். சாப்பாட்டுத் தட்டில் சோற்றை ஒதுக்கி, இது கடல், இது ஆறு, இந்தப் பக்கத்தால் ஆமி வந்தால் இப்படிச் சுற்றி வளைப்பார்கள் என்று கறிக்கரண்டியால் காட்டியிருக்கிறேன். சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டுவார்கள். திங்கட்கிழமை காலையில் மறுபடியும் ஸ்ரிக்கர் ஒட்டப் போவேன்.

மூதூர் கிழக்கில் தொடங்கிய படை நடவடிக்கை சம்பூரைப் பிடித்து, தெற்கே இறங்கி, வாகரையை நெருங்கியபோது என் பக்கத்துக்கு நல்ல மவுசு. ஒவ்வொரு வியாழக்கிழமை பின்னேரமும் சமையலறை மேசையில் வரைபடம் கீறுவேன். என் மகள் ஆரணிக்கு அப்போது எட்டு வயது. பிரதியொன்றில் நிறம் தீட்டுவது அவளுடைய வேலை. ஆமி பச்சை, எங்கள் பகுதி சிவப்பு. கோட்டுக்கு வெளியே போகாமல் நிறம் தீட்டுவாள். என் அளவுத்திட்டத்தில் வாகரை முழுவதும் என் பெருவிரல் அளவுதான் இருந்தது. அந்தப் பெருவிரலுக்குள் எத்தனை ஆயிரம் சனம் தறப்பாளுக்குக் கீழே இருந்தார்கள் என்று நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். யோசித்தேன். அதை எழுதுவதற்கு வரைபடத்தில் குறி எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்திருந்தது. இதை நான் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும்.

களஞ்சியசாலைக்கு நாங்கள் ஏழு பேர் ஒரு வானில் போய்வருவோம். அதில் நவாஸ் என்று, வாகரைக்குத் தெற்கே இருக்கிற ஓட்டமாவடிக்காரர் ஒருவர் இருந்தார். மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"எங்கட நானா, ஊரில இருக்கிற மூத்தவர், நேத்துப் பேசினார், அண்ணன். வாகரையில இருந்து காட்டால வந்த சனம் ரோட்டில விழுந்து கிடக்காம். பச்சப் புள்ளைகள். எங்கட ஊராக்கள் சோறாக்கிக் குடுக்காங்களாம். உள்ளுக்கு இன்னும் சனம் மாட்டிக்கிட்டு இரிக்காம், செல்லுக்குச் சாகுதாம், வெளிய விடுறாங்க இல்லயாம். நீங்க எழுதுங்களேன். நீங்க எழுதினா எல்லாரும் கேப்பாங்க."

"பாப்பம்" என்றேன்.

நவாஸ் சொன்னதை நான் நம்பினேன். அதே நேரம், இதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ள அவர் முஸ்லிம் என்பது எனக்கு வசதியாக இருந்தது. இயக்கத்தில் கோபம் உள்ள அவர்கள் அப்படித்தானே சொல்வார்கள் என்று ஒரு நினைப்பு. இதை எழுதும்போது கை கூசுகிறது.

இருந்தும் பத்திரிகை ஆசிரியருக்குப் போன் எடுத்தேன். சனத்தை வெளியே வரவிட வேண்டும் என்று இந்த வாரம் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"உந்தக் கதையை இப்ப எழுதினா சனம் சோர்ந்துபோகும், அண்ணை" என்றார். "உங்களைத்தான் துரோகி எண்டுவினம். பிறகு கலியாண வீட்டுக்கும் போகேலாது, செத்த வீட்டுக்கும் போகேலாது. உங்கட விருப்பம்."

ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம் யோசித்தேன். வியாழக்கிழமை 'வாகரை: அசையாத அரண்' என்று தலைப்புப் போட்டு எழுதினேன். மக்கள் இருக்கும் இடத்திலேயே உறுதியாக இருப்பதுதான் இன்றைய தேவை என்று முடித்தேன். சனிக்கிழமை வானொலியில் அதை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். நாலைந்து பேர் நிலையத்துக்கே போன் எடுத்துப் பாராட்டினார்கள்.

தை மாதத்தில் வாகரை விழுந்தது. அடுத்த வியாழக்கிழமை தந்திரோபாயப் பின்நகர்வு என்று எழுதினேன். ஆரணி போன வாரப் படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இந்த இடம் கலர் மாறிட்டுதா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். பச்சைப் பென்சிலை எடுத்தாள்.

2009 வரைக்கும் எழுதினேன். மனம் திருந்தி நிறுத்தவில்லை. கீறுவதற்கு இடம் இல்லாமல் போனதால் நின்றது.

4

இப்போது அந்த மேசைக்கு வருகிறேன். மனோன்மணி அம்மா சொன்னதையெல்லாம் எழுதினேன். ஆறு, பனங்கூடல், மழை, செல், மணல் எல்லாவற்றையும் எழுதினேன். தம்பியின் போன் வந்த இடத்தில் 'குடும்பம் அங்கேயே தங்கத் தீர்மானித்தது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டேன். பேப்பரும் இல்லை, எழுதினவனும் இல்லை. அலுவலகத்துக்கு அது தேவையில்லை, அவர்கள் கேட்பது இறப்பின் திகதியும் இடமும்தானே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. வீட்டில் ரைப் அடித்துக்கொண்டு வருகிறேன், அடுத்த செவ்வாய் கையெழுத்து வையுங்கள் என்று அனுப்பினேன்.

"பெரிய உதவி, அண்ணன்" என்று கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

வீட்டில் ரைப் அடித்து முடித்தபோது கடைசிப் பந்தி வந்தது. மொழிபெயர்த்தவர் தனியாகச் சத்தியம் செய்ய வேண்டிய பந்தி அது. இவர் சொன்னதை ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் விடாமல், உள்ளபடி மொழிபெயர்த்தேன் என்று என் முழுப்பெயரில் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தப் பந்தியை எத்தனையோ பேருக்காக, வாசிக்காமலே கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை வாசித்தேன். கணினியை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் ஆரணி வந்து என்னைக் காரில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். மனைவி இறந்த பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிறு இப்படி நடக்கும். புது வீடு. அந்தப் பகுதியில் கடைக்கு நடந்து போக ஒரு நடைபாதைகூட இன்னும் போடவில்லை. அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. நான் எழுதியதில் ஒரு வரியும் அவள் வாசித்ததில்லை. அதுவரைக்கும் அது எனக்கு ஒரு குறையாக இருந்தது.

"என்னப்பா, சாப்பிடாமல் இருக்கிறீங்க?" என்று கேட்டாள்.

சொன்னேன். முதலில் மனோன்மணி அம்மாவைப் பற்றி. பிறகு அந்தக் கட்டுரையைப் பற்றி. நிறம் தீட்டியது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவளுக்கு நினைவிருந்தது.

"அது ஏதோ போர்ட் கேம் எண்டுதான் நான் நினைச்சனான். நீங்க கேம் செய்யிறீங்க எண்டு ஸ்கூலில எல்லாருக்கும் சொன்னனான்."

"நீ சின்னப் பிள்ளை, உனக்கென்ன தெரியும்."

"ஐ நோ. ஆனா நீங்க சின்னப் பிள்ளை இல்லை." கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "அந்த வீக், எழுதேக்க, ஆக்கள் சாகினம் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

ஏதாவது சொல்வாள் என்று இருந்தேன். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு தொட்டியடிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசினாள்.

"அந்த அன்ரிட்டச் சொல்லுங்கோ. ஷீ ஹாஸ் எ ரைட்."

"நீயும் வாறியா, பிள்ளை?"

"இல்லை, அப்பா. உதுக்கு நீங்க தனியத்தான் போகோணும்."

5

செவ்வாய்க்கிழமை மனோன்மணி அம்மா நேரத்துக்கே வந்துவிட்டார். மண்டபத்தில் கரம் போர்ட் விளையாடுகிறவர்களின் சத்தம். குளிர்ச்சட்டைகள் மாட்டுகிற ஒடுக்கமான இடத்துக்கு அவரைக் கூட்டிப்போனேன். நாலைந்து வசனம் தயார்ப்படுத்தி வைத்திருந்தேன். அந்தக் காலச் சூழல், நெருக்கடி, எல்லாரும் அப்படித்தான் இருந்தோம் என்று தொடங்குவதாக இருந்தது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் அதில் ஒன்றும் வரவில்லை.

"அம்மா, அந்தப் பேப்பரில எழுதினது நான்தான்" என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. "எந்தப் பேப்பரில?"

"உங்கட தம்பி போனில வாசிச்சது."

கையுறை ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"மப் கீறினது நீங்களா?"

"ஓம்."

"ஆமி வராது எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்ச?"

"தெரியாது."

"உள்ளுக்குச் சனம் செத்துக்கிட்டு இரிக்கிறது தெரியுமா?"

"தெரியும். எழுத ரெண்டு நாளைக்கு முதல் ஒராள் சொன்னவர்."

"மறுகா ஏன் எழுதின?"

"சனம் என்னை மதிக்காமல் விட்டிடுமெண்டு பயம்" என்றேன். அதைவிடக் கௌரவமான காரணம் ஒன்றை இத்தனை வருடமும் தேடியிருக்கிறேன், கிடைக்கவில்லை.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கழற்றிய கையுறையைத் திரும்ப மாட்டினார், திரும்பவும் கழற்றினார். மூச்சு மட்டும் பெரிதாக வந்தது. தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"எனக்கு நீங்க சொல்லத் தேவல்ல" என்றார் கடைசியில். "எனக்குப் போன ஆள் போனதுதான். என்ட தம்பிட்டப் போய்ச் சொல்லுங்க. அத்தானைச் சாகடிச்சது தான்தான் எண்டு அவன் நினைச்சுக்கிட்டு இரிக்கான். தெரிஞ்சுகொண்டு எழுதின எண்டு, அந்தச் சொல்லை அவனுக்குச் சொல்லுங்க."

"சொல்லுறன்."

"கடதாசில அது இரிக்கா?"

நான் தலையைக் குனிந்தேன்.

"இல்லயா?" என்றார். அப்போதுதான் அவருக்குக் கண் கலங்கியது. "அண்டைக்கும் எங்கள விட்டுட்டு எழுதின. இண்டைக்கும் விட்டுட்டா எழுதின?"

எனக்கு அந்தச் சத்தியத்தை எடுக்கிற தகுதி இல்லை என்று சங்கத்துக்குச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். கணினி வேலை செய்கிற தமிழ்நாட்டுப் பிள்ளை ஒருத்தி அங்கே உதவிக்கு வருவாள். அவள் என் மேசையில் இருந்து, எல்லாவற்றையும் முதலில் இருந்து கேட்டு எழுதினாள். என்னால் மனோன்மணி அம்மா அதை இரண்டாம் தரமும் சொல்ல வேண்டி வந்தது. நான் எதிர்ப் பக்கக் கதிரையில் இருந்து கேட்டேன். பேப்பர் பற்றிய இடம் வந்தபோது அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

அதற்குப் பிறகு யாரும் அண்ணை எழுதினால் திரும்பி வராது என்று சொல்லி என்னிடம் வருவதில்லை. இப்போது நான் செவ்வாய்க்கிழமைகளில் கதிரைகளை அடுக்கிக் கொடுக்கிறேன். மனோன்மணி அம்மாவின் ஓய்வூதியம் சரிவந்துவிட்டதாக அந்தப் பிள்ளை சொல்லித்தான் அறிந்தேன்.

6

தம்பியாரை நான் சிவபாலன் என்று சொல்கிறேன். தொலைபேசியில் கூப்பிட்டு, உங்கள் அக்கா அனுப்பினவர், நேரில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். சனிக்கிழமை மத்தியானம் வரச் சொன்னார். பிறம்ரனுக்கு மூன்று பஸ் மாறிப் போனேன். முப்பது வருடம் வானில் நித்திரை கொண்டபடி போன பாதை.

கதவைத் திறந்தவர் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெரிய உடம்புக்காரர். மனைவி வேலைக்குப் போய்விட்டார், தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இருக்கச் சொன்னார். இருந்தால் சொல்ல மாட்டேன் என்று பயந்து நின்றபடியே சொன்னேன்.

அவர் சோபாவின் நுனியில் இருந்து கேட்டார். நான் முடித்ததும் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னார்.

"மக்கள் இருக்கும் இடத்திலேயே உறுதியாக இருப்பதுதான் இன்றைய தேவை."

எழுத்துப் பிசகவில்லை.

"இதைத்தான் நான் போனில வாசிச்ச. லைன் இரைஞ்சது. அத்தான் திரும்ப வாசிக்கச் சொன்னார். ரெண்டு தரம் வாசிச்சன்" என்றார். "தெரிஞ்சுகொண்டுதான் எழுதினீங்களா?"

"ஓம்."

"எனக்குத் தெரியாது. நான் அதை உண்மை எண்டு நினைச்சுத்தான் வாசிச்சன்."

"ஓம், தம்பி. உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"திரும்பச் சொல்லுங்க."

"எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் எழுதினனான்."

அவர் எழும்பினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், அதற்காகத்தான் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் என்னைக் கடந்து போய்க் குளிர்ச்சட்டையை மாட்டி, கார்த் திறப்பை எடுத்தார்.

"வாங்க" என்றார்.

அக்காவிடம் கூட்டிப்போகிறார் என்று நினைத்துக் காரில் ஏறினேன். அவர் ஓட்டினார். லொறி ஓட்டுகிறவர்களுக்கு உரிய நிதானம். இரண்டு சிக்னல் தாண்டியதும் ஒரு கடைத்தொகுதியின் தரிப்பிடத்துக்குள் திருப்பி நிறுத்தினார். சுக்கானில் நெற்றியை வைத்தபடி இருந்தார். தோள்கள் குலுங்கின. நான் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறுதல் சொல்ல எனக்கு என்ன உரிமை?

முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"அக்கா... நான்தான். வீட்டயா இரிக்காய்?... வாறன் கா... இல்ல, இப்பவேதான். வேலைக்கு வரல்ல எண்டு சொல்லுறன்... ஓம். வந்திட்டார். சொன்னார்... சமைக்காத, நான் வந்து சாப்பிடுறன், இருக்கிறது போதும்."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"நீங்க இங்க இறங்குங்க. நான் அக்காட்டப் போறன்."

அவருடைய அக்காவின் வீட்டிலிருந்து என் வீடு ஐந்து நிமிட ஓட்டம். ஸ்காபரோவிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தேன் என்று நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். ஆசனப் பட்டியைக் கழற்றி, இறங்கி, கதவைச் சாத்தினேன். கார் நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பியது. பஸ் தரிப்பிடம் எந்தப் பக்கம் என்று கடையிலிருந்து வந்த ஒருவரிடம் கேட்டுக்கொண்டு நடந்தேன்.